கருகும் தழை, கருகாத தழை: கிங் எட்வர்டும் சார்போ மிராவும்

ஆகஸ்டு மாதத்துக் காலை. இங்கிலாந்தின் ஏதோ ஒரு நகர விளிம்பில், சிறு சிறு காய்கறித் துண்டுகளாகப் பிரித்த ஒரு நிலம். மூன்று நாளாக வானம் மூடிக் கிடக்கிறது. இரவெல்லாம் புழுக்கம். இலையில் விழுந்த ஈரம் காயவே இல்லை. போன வாரம் இடுப்பளவு செழித்து நின்ற உருளைக்கிழங்குப் பாத்தி ஒன்று நெருப்பில் வாட்டியதுபோலக் கறுத்துத் துவண்டு கிடக்கிறது. அழுகல் வாடை நடைபாதை வரை வீசுகிறது. நான்கடி தள்ளி இன்னொரு பாத்தி. அதே மண்ணும் அதே மழையும்தான். ஆனால் அங்கே தழை பச்சை குலையாமல் நிமிர்ந்து நிற்கிறது.

கறுத்தது கிங் எட்வர்ட். பச்சையாக நிற்பது சார்போ மிரா. பிரிட்டனின் வீட்டுத் தோட்டக்காரர்கள் ஆண்டுதோறும் பார்க்கும் காட்சி இது. ஆனாலும் மறு பிப்ரவரியில் விதைக்கிழங்கு வாங்கப் போகும்போது பலர் மறுபடியும் எட்வர்டையே கையில் எடுக்கிறார்கள். அதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. இரண்டு வகைக்கும் இரண்டு நியாயங்கள் இருக்கின்றன. அவற்றை எதிரெதிரே வைத்துப் பார்ப்பது கிழங்கு வளர்ப்பவருக்கும் பயன்படும். எந்தப் பயிரிலும் வகை தேர்ந்தெடுக்கிறவருக்கும் பயன்படும்.

ஆறேகால் சென்ட் நிலம்

முதலில் களத்தைச் சொல்லிவிடுகிறேன். குடியிருப்போர் தங்கள் வீட்டுக்குக் காய்கறி பயிரிட்டுக்கொள்ள, உள்ளாட்சி மன்றம் குறைந்த வாடகைக்குத் தரும் துண்டு நிலத்தை அங்கே அலாட்மென்ட் என்கிறார்கள். பிரிட்டனில் குடியேறிய தமிழர்களின் பேச்சிலும் அந்தச் சொல்லே புழங்குகிறது. கேட்பவர்களுக்கு நிலம் ஏற்பாடு செய்யும் கடமையை உள்ளாட்சிகள்மேல் வைத்தது 1908ஆம் ஆண்டுச் சட்டம். விளைச்சல் முக்கியமாகத் தோட்டக்காரரும் அவர் குடும்பமும் உண்பதற்காக இருக்க வேண்டும் என்று 1922ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது.

முழுத் துண்டின் வழக்கமான அளவு 10 ராட். ராட் என்பது பழைய ஆங்கில நில அளவை. 10 ராட் ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு. நம் கணக்கில் சரியாக ஆறேகால் சென்ட். அதற்குள் பட்டாணி, வெங்காயம், கோஸ், பீன்ஸ் எல்லாவற்றுக்கும் இடம் வேண்டும். உருளைக்கிழங்குக்குக் கிடைப்பது நான்கைந்து வரிசை. ஆகவே வகைத் தேர்வில் தவறினால் அந்த ஆண்டுக்கு மாற்று வழி இல்லை.

இன்னொரு நெருக்கடியும் உண்டு. பெரும் பண்ணைக்காரர்கள் ஜூன் தொடங்கி ஏறக்குறைய வாரம் ஒருமுறை கருகல் நோய்க்கு மருந்து தெளிக்கிறார்கள். வீட்டுத் தோட்டக்காரருக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. முன்பு அவர்கள் கையில் இருந்த தாமிர மருந்துகளும் விலக்கப்பட்டுவிட்டன. இந்த நோய்க்கு அவர்கள் தெளிக்க அனுமதி பெற்ற மருந்து இப்போது பிரிட்டனில் ஒன்றும் இல்லை. எனவே அலாட்மென்ட்டில் நோயை எதிர்க்கும் ஆயுதம் ஒன்றே ஒன்றுதான்: எந்த வகையை நடுகிறோம் என்பது.

பிறந்த கதை

கிங் எட்வர்ட் ஒரு தோட்டக்காரரின் கையில் பிறந்தது. வட இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்தில் உருவானபோது அதன் பெயர் ஃபெல்சைட் ஹீரோ. யார்க்ஷயர் விவசாயி ஒருவர், மான்செஸ்டர் வியாபாரி ஒருவர் என்று கைமாறி, கடைசியில் லிங்கன்ஷயரின் ஸ்காட்டர் ஊரைச் சேர்ந்த ஜான் பட்லரிடம் வந்தது. கிடைத்த விதைக்கிழங்கை எல்லாம் அவர் வாங்கி 50 ஏக்கரில் பெருக்கினார். ஏழாம் எட்வர்ட் முடிசூடிய 1902ஆம் ஆண்டில் அரசரின் பெயரோடு அது சந்தைக்கு வந்தது. பெயர் கைகொடுத்தது, ருசி நிலைநிறுத்தியது. 120 ஆண்டுகளுக்கு மேலாகியும் பிரிட்டனின் கடைத்தெருவில் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கும் கிழங்குகளில் ஒன்றாக அது இருக்கிறது.

சார்போ மிரா வந்த வழி வேறு. ஹங்கேரியில் சார்வாரி குடும்பத்தினர் பல பத்தாண்டுகளாக உருளைக்கிழங்கு இனப்பெருக்கத்தில் ஈடுபட்டிருந்தார்கள். குடும்பப் பெயரின் முதல் பகுதியையும் பொட்டேட்டோ என்ற சொல்லின் முதல் எழுத்துகளையும் சேர்த்தால் சார்போ. வேண்டியவை என்று அவர்கள் குறித்துக்கொண்ட பட்டியல் கடுமையானது: கருகல் தாக்கக் கூடாது, வைரஸ் தாக்கக் கூடாது, வறட்சியைத் தாங்க வேண்டும், குளிரூட்டும் கிடங்கு இல்லாமலேயே நெடுநாள் கெடாமல் இருக்க வேண்டும். அந்தத் தேர்வுகளில் தேறிய வகைகளை இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனுக்குக் கொண்டுவந்து பரப்பியது வடக்கு வேல்ஸில் பாங்கர் நகருக்கு அருகே இயங்கிய சார்வாரி ஆய்வு அறக்கட்டளை. மழை ஓயாத, கருகல் ஓயாத அந்த மண் ஒரு கிழங்கைச் சோதிக்க மிகப் பொருத்தமான இடம்.

ஒன்று நாக்கு தேர்ந்தெடுத்த கிழங்கு. மற்றது நோயும் வறட்சியும் வடிகட்டித் தந்த கிழங்கு. மற்ற வேறுபாடுகள் பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

ஒரே செடி, மாறும் எதிரி

உருளைக்கிழங்கை நாம் விதையிலிருந்து வளர்ப்பதில்லை. கிழங்கை நட்டே பெருக்குகிறோம். இதன் பொருளைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். 1902இல் மண்ணில் இருந்த எட்வர்டும் இன்று ஒருவர் பாத்தியில் நிற்கும் எட்வர்டும் மரபணு அளவில் ஒரே செடி. பெற்ற பிள்ளை, பேரப்பிள்ளை என்ற மாற்றம் அதில் இல்லை. ஒரே உயிர் வெட்டி வெட்டி நடப்பட்டு நூறு கோடை கடந்து வந்திருக்கிறது. ருசி மாறாமல் கைக்கு வந்து சேர்வதும் அதனால்தான்.

எதிரியோ மாறிக்கொண்டே இருக்கிறது. பின்கருகல் நோயை உண்டாக்கும் ஃபைட்டோப்தோரா இன்ஃபெஸ்டன்ஸ் பார்வைக்குப் பூஞ்சைபோல இருந்தாலும் பூஞ்சை இனத்தைச் சேர்ந்ததல்ல. நீர்ப்பாசிகளுக்கு நெருங்கிய உறவு. 1845இல் அயர்லாந்தில் புகுந்து, லம்பர் என்ற ஒரே வகையை நம்பியிருந்த ஏழைகளின் உணவை அழித்தது அதுவே. ஏறக்குறைய 10 லட்சம் பேர் பட்டினியிலும் அதைத் தொடர்ந்த நோய்களிலும் மாண்டார்கள். அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறினார்கள்.

நெடுங்காலம் ஐரோப்பாவில் இந்த நோய்க்கிருமியின் ஏ1 என்ற ஒரு பாலினம் மட்டுமே இருந்தது. 1980களில் ஏ2 என்ற இணையும் அங்கே கண்டறியப்பட்டது. இரண்டும் கூடினால் புதிய கலப்புகள் பிறக்கலாம். மண்ணிலேயே குளிர்காலத்தைக் கடக்கும் தடித்த வித்துகளும் உருவாகலாம். 2000களின் நடுவில் ‘நீலம் 13’ என்று அழைக்கப்பட்ட வீரியமான கிளை பிரிட்டன் முழுக்கப் பரவி, பழைய கிளைகளை ஓரங்கட்டியது. எட்வர்ட் 1902இல் நின்ற இடத்திலேயே நிற்க, கிருமி எங்கேயோ போய்விட்டது.

சார்போ மிராவின் பலம் ஒரே பூட்டில் இல்லை, பல பூட்டுகளில் இருக்கிறது. கிருமி செல்லுக்குள் செலுத்தும் புரதங்களை அடையாளம் கண்டு தற்காப்பைத் தூண்டுபவை எதிர்ப்பு மரபணுக்கள். மிராவின் எதிர்ப்பில் கிருமியின் ஐந்து தனித்தனிப் புரதங்களை அடையாளம் காணும் திறன் அடங்கியிருப்பதை 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. ஐந்தையும் ஒரே சமயத்தில் ஏய்ப்பது கிருமிக்கு எளிதல்ல. மிரா நோயே தொடாத செடி என்று சொல்லிவிட முடியாது. பருவக் கடைசியில் கீழ் இலைகளில் சில புள்ளிகள் தோன்றலாம். ஆனால் அவை பெரும்பாலும் புள்ளிகளாகவே நின்றுவிடும்; பாத்தி சாய்வதில்லை.

எட்வர்டில் நடப்பது வேறு. 2017 முதல் பிரிட்டனில் கருகல் எச்சரிக்கைக்கு ஹட்டன் அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் ஹட்டன் ஆய்வு நிறுவனத்தின் பணியிலிருந்து வந்தது அது. அடுத்தடுத்து இரண்டு நாள் வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்காமல் இருந்து, ஒவ்வொரு நாளும் குறைந்தது ஆறு மணி நேரம் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால் அபாயம். இங்கிலாந்தின் ஜூலை, ஆகஸ்டில் இது அடிக்கடி நேரும். எட்வர்ட் இலையில் முதலில் ஒரு பழுப்புப் புள்ளி. ஈரமான காலையில் இலையைத் திருப்பினால் அதன் விளிம்பில் வெண்பொடி. பத்து நாளுக்குள் தழை முழுவதும் கருகிவிடலாம். மழை அந்த வித்துகளைக் கழுவி மண்ணுக்குள் இறக்கினால் கிழங்கும் அழுகும்.

நடவு முதல் அறுவடை வரை

இரண்டுமே முதன்மைப் பருவக் கிழங்குகள். அடிப்படை வேலைகள் ஒன்றே. சான்று பெற்ற விதைக்கிழங்கு வாங்க வேண்டும். பிரிட்டனில் அது பெரும்பாலும் ஸ்காட்லாந்திலிருந்து வருகிறது. குளிர்ந்த காற்று வீசும் அந்த வயல்களில் வைரஸைக் கடத்தும் அசுவினி குறைவு. பிப்ரவரியிலோ மார்ச்சிலோ கிழங்குகளை முட்டை அட்டையில் கண் அதிகமுள்ள பக்கம் மேலே இருக்கும்படி அடுக்கி, வெளிச்சமும் குளிர்ச்சியும் உள்ள இடத்தில் முளைகட்ட விடுவார்கள். ஏப்ரலில் நடவு. பெரிய வெள்ளிக்கிழமையன்று உருளைக்கிழங்கு நடுவது அங்கே பழைய வழக்கம். வரிசைக்கு வரிசை 75 சென்டிமீட்டர், கிழங்குக்குக் கிழங்கு 40 சென்டிமீட்டர், ஆழம் அரைச் சாண் அளவு. தளிர் எட்டிப் பார்த்ததும் உறைபனியிலிருந்து காக்கவும், வெளிச்சம் பட்டுக் கிழங்கு பச்சையாகி நஞ்சேறாமல் இருக்கவும் மண் அணைக்க வேண்டும். உயர அணைத்த மண் இன்னொரு நன்மையும் செய்கிறது: இலையிலிருந்து வடியும் கருகல் வித்துகள் கிழங்கைத் தொடாமல் தடுக்கிறது.

வேறுபாடு முளைகட்டும்போதே தொடங்கிவிடும். மிராவுக்கு உறக்கம் அதிகம். சீக்கிரம் கண் திறக்காது. எட்வர்டுக்கு முளை வந்த பிறகும் மிரா அசையாமல் கிடக்கும். பொறுமை இழந்து “இது செத்த கிழங்கு” என்று எறிந்துவிடக் கூடாது. சில நாள் சற்று வெதுவெதுப்பான அறையில் வைத்தால் விழித்துக்கொள்ளும்.

மண்ணில் இறங்கியபின் நிலைமை தலைகீழ். மிராவின் தழை வரிசைகளுக்கு இடையிலான வெற்றிடத்தை மூடி, களையை அடக்கிவிடும். வேர் ஆழமாக உழைக்கும். மழை பொய்த்த வாரங்களையும் பெரிய சேதமின்றித் தாண்டும். எட்வர்டுக்கு வளமான மண்ணும் சீரான ஈரமும் வேண்டும். முக்கியமாகக் கிழங்கு பிடிக்கும் வாரங்களில் நீர் குறைந்தால் விளைச்சல் உடனே சுருங்கும். வேலைக்குப் போய் வந்து வாரத்தில் இரண்டு நாள் மட்டும் தோட்டத்துக்கு வர முடிகிறவர்களுக்கு இது சிறிய வேறுபாடு அல்ல. தண்ணீர்த் தொட்டியிலிருந்து பூவாளியில் சுமந்து ஊற்ற வேண்டிய இடங்களில் அந்த வேறுபாட்டை முதுகும் தோளும் உணரும்.

எட்வர்டுக்கும் தன் பங்குக்கு ஒரு பலம் உண்டு. தோலைச் சொரசொரப்பாக்கும் சொறிநோயை அது ஓரளவு தாங்கும். ஆனால் முட்டைக்கூடு நூற்புழுவுக்கு எதிராக அதனிடம் ஒன்றும் இல்லை. ஒரே இடத்தில் உருளைக்கிழங்கை அடிக்கடி நட்ட பழைய அலாட்மென்ட்களில் இந்தப் புழுவின் முட்டைக்கூடுகள் ஆண்டுக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும்.

இந்த இடத்தில் நீலகிரியை நினைக்காமல் இருக்க முடியாது. இந்தியாவில் இந்த நூற்புழு முதலில் கண்டறியப்பட்டது உதகமண்டலத்தில்தான். 1961இல் அதை அடையாளம் கண்டவர் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த எஃப்.ஜி.டபிள்யூ. ஜோன்ஸ். கருகலையும் நூற்புழுவையும் சேர்ந்தே எதிர்கொள்ள வேண்டியிருந்த நீலகிரி விவசாயிகளுக்காக, இரண்டையும் தாங்கும் குஃப்ரி ஸ்வர்ணா என்ற வகை 1985இல் வெளியிடப்பட்டது. ஊட்டியின் சரிவும் லிங்கன்ஷயரின் சமவெளியும் ஒரே கேள்வியைத்தான் கேட்டன: விரும்பிய கிழங்கை நடுவதா, அந்த மண்ணில் பிழைக்கும் கிழங்கை நடுவதா? நூற்புழு இருக்கும் இடத்தில் எந்த வகையை நட்டாலும் மூன்று, நான்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் அதே பாத்திக்கு உருளைக்கிழங்கு திரும்பி வர வேண்டும்.

அறுவடையிலும் இரண்டும் பிரிகின்றன. எட்வர்ட் செப்டம்பரில் தயாராகும், அதுவரை தழை நின்றால். ஆகஸ்டு தொடக்கத்தில் கருகல் விழுந்தால் கிழங்கு பருக்கும் வாரங்கள் பறிபோகும். கோலிக்குண்டு அளவிலிருந்து எலுமிச்சை அளவு வரை அள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான். மிரா அக்டோபர் வரை பச்சையாக நின்று பருத்துக்கொண்டே போகும். அதன் குறையே அதுதான்: விட்டுவிட்டால் கிழங்கு அளவு மீறிப் பெரிதாகிவிடும். செப்டம்பரில் ஒரு செடியைத் தோண்டிப் பார்த்து, போதும் என்று தோன்றினால் தழையைத் தரையோடு அறுத்துவிடுவது நல்லது. எட்வர்டின் தழையை நோய் பார்த்து அறுக்கிறோம். மிராவின் தழையை அளவு பார்த்து அறுக்கிறோம்.

அடுப்படியில்

எட்வர்டின் பக்கம் தராசு சாயும் இடம் இது. வெளிர்த் தோலில் கண்களைச் சுற்றி ரோஜா நிறத் திட்டு. உள்ளே பாலேட்டு நிறச் சதை. வெந்தால் மாவாக மலரும். பிரிட்டனில் ஞாயிற்றுக்கிழமை விருந்திலும் கிறிஸ்துமஸ் விருந்திலும் பொரித்துச் சுடும் உருளைக்கிழங்குக்கு இதைத்தான் தேடுகிறார்கள். அரைவேக்காடாக்கி, பாத்திரத்தைக் குலுக்கினால் அதன் ஓரங்கள் பொரபொரவென்று உதிரும். அந்த உதிர்ந்த ஓரம்தான் சூடான கொழுப்பில் மொறுமொறுப்பாகும். மசித்தால் கட்டி தட்டாமல் இளகும். நம் வீட்டில் பூரிக்கு மசால் செய்கிறவர்கள் இதை ஒருமுறை கையில் மசித்துப் பார்த்தால் மறுபடியும் கேட்பார்கள். குறை ஒன்று: கொதிநீரில் அதிக நேரம் விட்டால் கரைந்துவிடும். ஆவியில் வேகவைப்பது நல்லது.

மிராவின் தோல் சிவப்பு, சதை வெள்ளை. அதுவும் மாவுக் கிழங்குதான். முழுதாகச் சுடவும், விரல் கனத்துக்கு நறுக்கிப் பொரிக்கவும், காரம் தூக்கலான வறுவலுக்கும் நன்றாக ஒத்துழைக்கும். ஆனால் கிழங்கை உப்பும் வெண்ணெயும் மட்டும் போட்டு உண்ணும் வீட்டில் எட்வர்டோடு போட்டி போட அதனால் முடியாது. அதன் சுவை அடக்கமானது. மிளகாய், சோம்பு, பூண்டு, பெருங்காயம் சேர்த்துச் சமைக்கும் வீட்டில் இந்த வேறுபாடு பெரிதும் குறைந்துவிடும். குழம்பில் துண்டு துண்டாக நிற்க வேண்டும் என்றால் இரண்டும் உதவாது. சார்லட் போன்ற மெழுகுத் தன்மையுள்ள வகையைத்தான் நாட வேண்டும். ருசியில் எது உயர்ந்தது என்ற கேள்விக்குச் சமையலறையைச் சொல்லாமல் விடை சொல்ல முடியாது.

சேமிப்பில் மிரா முந்துகிறது. முளைகட்டும்போது எரிச்சலூட்டிய அந்த நீண்ட உறக்கமே இங்கே வரமாகிறது. உறைபனி தொடாத இருட்டு மூலையில் சாக்கில் கட்டி வைத்தால் வசந்தம் வரையிலும் உறுதி குலையாமல் இருக்கும். எட்வர்டும் குளிர்காலத்தைக் கடக்கும். ஆனால் கருகல் தொட்ட பாத்தியிலிருந்து எடுத்த எட்வர்ட் சாக்கை வாரந்தோறும் கொட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே அழுகிய ஒரு கிழங்கு மற்றவற்றையும் நாசமாக்கிவிடும்.

அண்டைப் பாத்தி

வகைகளை ஒப்பிடும் பட்டியல்கள் பெரும்பாலும் இந்த இடத்தோடு நின்றுவிடுகின்றன: விளைச்சல், ருசி, சேமிப்பு. அலாட்மென்ட்டைப் பொறுத்தவரை மிக முக்கியமான கட்டம் அந்தப் பட்டியல்களில் இல்லை என்பது என் உறுதியான கருத்து. அந்தக் கட்டத்தின் பெயர் பக்கத்துத் தோட்டக்காரர்.

வீட்டுக் கொல்லையில் ஒருவர் எட்வர்ட் நட்டுக் கருகினால் நட்டம் பெரும்பாலும் அவருக்கு. அலாட்மென்ட்டில் ஐம்பது துண்டுகள் வேலியில்லாமல் தோளோடு தோள் உரசிக் கிடக்கின்றன. கருகிய ஓர் இலைப் புள்ளி ஆயிரக்கணக்கான வித்துகளைக் காற்றில் விடும். அவை பக்கத்து உருளைக்கிழங்கில் மட்டும் இறங்குவதில்லை. அதே குடும்பத்துச் செடியான தக்காளியிலும் இறங்கும். ஒருவர் கோடை முழுதும் தண்ணீர் சுமந்து வளர்த்த தக்காளி, இன்னொருவர் பாத்தியைக் கவனிக்காமல் ஊருக்குப் போன ஒரு வாரத்தில் காயோடு கறுத்துப் போகலாம். அறுவடையில் மண்ணுக்குள் தவறவிட்ட கிழங்கு, எருக்குழியில் வீசிய அழுகல் கிழங்கு ஆகியவற்றில் கிருமி குளிர்காலத்தைக் கழித்துவிட்டு மறு ஆண்டு எழும்.

அப்படியானால் எல்லாரும் மிராவையே நட்டுவிட்டால் சிக்கல் தீருமா? அங்கேதான் அயர்லாந்து குறுக்கே வந்து நிற்கிறது. ஒரே வகையால் நிரம்பிய நிலம், அதைத் திறக்கும் சாவியைக் கிருமி கண்டுபிடிக்கும் நாள் வரைக்கும்தான் பாதுகாப்பானது. 1960களில் பென்ட்லண்ட் டெல் என்ற பிரிட்டிஷ் வகை மூன்று எதிர்ப்பு மரபணுக்களோடு வந்தது. பரவலாகப் பயிரிடப்பட்ட சில ஆண்டுகளிலேயே கிருமி அதைத் தாண்டிவிட்டது. மிராவின் பூட்டுகள் அதைவிட அதிகம். என்றாலும் பூட்டு பூட்டுதான். கிருமியைப் பெருக விடாமல் வைத்திருப்பது எட்வர்டைக் காப்பதற்கு மட்டுமல்ல, மிராவின் எதிர்ப்பை நீடிக்கச் செய்வதற்கும் தேவை. கிருமியின் எண்ணிக்கை பெருகப் பெருக, புதிய சாவி பிறக்கும் வாய்ப்பும் பெருகும்.

இன்னொரு பக்கமும் உண்டு. நடுவாரில்லாத வகை விற்பனைப் பட்டியலிலிருந்து நழுவிவிடும். ஸ்காட்லாந்தின் அரசு சேகரிப்பில் பழைய வகைகள் பாதுகாக்கப்படுவது பெரிய ஆறுதல். ஆனால் பாதுகாப்பகத்தில் இருக்கும் வகைக்கும் பாத்தியில் நின்று சாப்பாட்டுத் தட்டுக்கு வரும் வகைக்கும் வேறுபாடு இருக்கிறது. எந்த வாரம் மண் அணைக்கலாம், எவ்வளவு நேரம் வேகவைக்கலாம் என்ற அறிவு கிழங்கோடு சேர்ந்துதான் வாழும். எட்வர்டை விட்டுவிடச் சொல்ல எனக்கு மனம் இல்லை.

எதை நடலாம்?

ஒப்பீட்டின் முடிவை ஒரு கணக்காகவே சொல்கிறேன். நான்கு வரிசை இருந்தால் மூன்றில் மிரா, ஒன்றில் எட்வர்ட். மூன்று வரிசை மிரா குளிர்காலத்துக்கான உறுதி. எந்தக் கோடை வந்தாலும் சாக்கு நிரம்பும். ஒரு வரிசை எட்வர்ட் ஞாயிற்றுக்கிழமைகளுக்கானது. தோட்டத்துக்கு அடிக்கடி வர இயலாதவர்களும், மழை மிகுந்த மேற்குக் கரைப் பகுதியில் இருப்பவர்களும் நான்கிலும் மிராவையே நடட்டும். அவர்களுக்கு எட்வர்ட் ஏமாற்றமே தரும். தினமும் வர முடிகிறவர்களும், மழை குறைந்த கிழக்கு இங்கிலாந்தில் இருப்பவர்களும் எட்வர்டுக்கு இன்னொரு வரிசை கூடுதலாகத் தரலாம்.

அந்த எட்வர்ட் வரிசைக்கு இடம் தேர்ந்தெடுக்கையில், தினமும் கண்ணில் படும் நடைபாதை ஓரமாக இருக்கட்டும். செடிகளுக்கு இடையே இடைவெளி தாராளமாக இருந்தால் காற்று நுழைந்து இலை சீக்கிரம் உலரும். மண்ணை உயர அணைக்க வேண்டும். தண்ணீரை இலைமேல் ஊற்றாமல் அடியில் ஊற்ற வேண்டும். கருகல் எச்சரிக்கை வந்த நாளிலிருந்து காலையும் மாலையும் இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். நோய் பிடித்துவிட்டது என்று உறுதியானால் தழையைத் தரைமட்டத்துக்கு அறுத்து, கருகியதை மூடிய பையில் கட்டி வெளியேற்ற வேண்டும். பிறகு இரண்டு, மூன்று வாரம் கிழங்கைத் தொடக் கூடாது. அதற்குள் மண்ணின் மேற்பரப்பில் விழுந்த வித்துகள் சாகும். கிழங்கின் தோலும் இறுகும். தோண்டும்போது சுண்டைக்காய் அளவுக் கிழங்கைக்கூட மண்ணில் விட்டுவைக்கக் கூடாது.

இதில் மனம் கேட்காத வேலை தழையை அறுப்பதுதான். முதல் புள்ளிகள் தெரியும்போது செடியின் பெரும்பகுதி இன்னும் பச்சையாகத்தான் இருக்கும். இன்னும் ஒரு வாரம் விட்டால் கிழங்கு சற்றுப் பருக்குமே என்று மனம் கெஞ்சும். அந்த ஒரு வாரத்துக்கான விலையைப் பக்கத்துத் தக்காளிதான் கொடுக்கும். மிரா நடுகிறவருக்கு அந்தச் சோதனை வருவதில்லை. எட்வர்ட் நடுகிறவருக்கு ஏறக்குறைய ஆண்டுதோறும் வரும். ஆகவே பிப்ரவரியில் எட்வர்ட் விதைக்கிழங்கை வாங்கும் கை, ஆகஸ்டில் அரிவாளை எடுக்கவும் அன்றைக்கே சம்மதித்துவிட வேண்டும். அந்தச் சம்மதம் இல்லாவிட்டால் சிவப்புத் தோல் கிழங்கை வாங்கிக்கொண்டு வீடு திரும்புவதே சரி.